பெட்டியில 180 ஹெர்ட்ஸ், கண்ணுக்கு 60 மாதிரி: புது 27 இன்ச் மானிட்டர்

ஓ.டி. ஹார்பர் | 3 ஆகஸ்ட், இரவு 9.12

புது மானிட்டர் இன்னிக்குத்தான் வந்துச்சு. 27 இன்ச், வளைவு இல்லாத தட்டை ஸ்க்ரீன், ஐ.பி.எஸ். பேனல், 2560×1440 பிக்சல். பெட்டி மேல 180 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 180 தடவை படம் மாறுமாம்), 1 மில்லி செகண்ட், ஹெச்.டி.ஆர். 400னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். கிராஃபிக்ஸ் கார்டு என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3060, 12 ஜி.பி. இதுக்கு முன்னாடி 22 இன்ச் 60 ஹெர்ட்ஸ். பழைய ஹெச்.டி.எம்.ஐ. கேபிளையே கழட்டி இதுல சொருகினேன். வேலரன்ட் கேம் ஓட்டினா சைஸ் பெருசானதைத் தவிர ஒரு வித்தியாசமும் தெரியல. கலர் சாயம் போன வேட்டி மாதிரி வெளுத்துக் கிடக்கு. ஸ்க்ரீன் கறுப்பானா கீழ் வலது மூலையில மஞ்சளா ஒரு வெளிச்சம். ஏமாந்துட்டேனா? திருப்பிக் குடுத்துடட்டுமா?

கெடிலக்கரை | 3 ஆகஸ்ட், இரவு 9.40

அவசரப்படாதே தம்பி. நீ சொன்ன மூணு குறையில ரெண்டு மானிட்டரோடதே இல்ல.

ஹெர்ட்ஸ் முதல்ல. புது மானிட்டரை மாட்டினா விண்டோஸ் பெரும்பாலும் 60லயே நிக்கும், நாமதான் போய் மாத்தணும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அதுக்குள்ள அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. ரெஃப்ரெஷ் ரேட் பட்டியலைத் திறந்து என்னென்ன எண் இருக்குன்னு இங்க எழுது. அந்த எண்ணே கேபிளோட ஜாதகத்தைச் சொல்லிடும். 60, 75னு முடிஞ்சா பழைய கேபிள் மேல சந்தேகம். 144ல வந்து நின்னா அது ஹெச்.டி.எம்.ஐ. போர்ட்டோட எல்லை.

மாத்தின உடனே கேமைத் திறக்காதே. டெஸ்க்டாப்ல ஒரு விண்டோவைப் பிடிச்சு வட்டமா இழு. தலைப்புல இருக்கற எழுத்து இழுக்கும்போதே படிக்கற மாதிரி இருந்தா மாறிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் கேமுக்குள்ள போய் ஃப்ரேம் லிமிட் பார். பழைய மானிட்டருக்காக 60னு வச்ச பூட்டு அங்கயே தொங்கிட்டு இருக்கும், நிறையப் பேர் அதை மறந்துடறாங்க.

கலர் வெளுத்ததுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, ஹெச்.டி.எம்.ஐ.ல போகும்போது என்விடியா கார்டு இதை டிவின்னு நினைச்சு 16லேர்ந்து 235 வரைக்கும்தான் கலர் அனுப்பும். மானிட்டர் எதிர்பார்க்கறது 0லேர்ந்து 255. அப்போ கறுப்பு சாம்பலாகும், வெள்ளை மங்கும். என்விடியா கன்ட்ரோல் பேனல்ல சேஞ்ச் ரெசொல்யூஷன் பக்கத்துக்குப் போ, கீழ இறக்கி, என்விடியா கலர் செட்டிங்ஸைத் தேர்ந்தெடுத்து, அவுட்புட் டைனமிக் ரேஞ்சை ஃபுல்னு வை. ரெண்டாவது, விண்டோஸ்ல ஹெச்.டி.ஆர். (இருட்டையும் வெளிச்சத்தையும் இன்னும் விரிச்சுக் காட்டற முறை) ஆன் ஆகி இருக்கலாம். விண்டோஸ், ஆல்ட், பி (B) மூணையும் சேர்த்து அழுத்தினா ஆஃப் ஆகும்.

மூலை வெளிச்சம் பத்தி நாளைக்கு. அதை இருட்டுல பார்க்கணும், இப்பவே தீர்ப்பு சொல்ல முடியாது.

கோரிமேடு குறும்பன் | 3 ஆகஸ்ட், இரவு 10.05

கேபிளைக் கார்டுல சொருகினானா மதர்போர்டுல சொருகினானான்னு முதல்ல கேளு தல. துறைமுகம் இருக்கற கடலூர்க்காரனுக்கே போர்ட் எதுன்னு தெரியலன்னா நாங்க என்ன பண்றது.

கெடிலக்கரை | 3 ஆகஸ்ட், இரவு 10.11

கிண்டலா இருந்தாலும் கேள்வி சரி. கேபினெட் பின்னாடி, யு.எஸ்.பி.யோட சேர்ந்து மேல இருக்கறது மதர்போர்டு போர்ட். அதுக்குக் கீழே தனியா ஒரு தகட்டுல வரிசையா இருக்கறதுதான் கார்டு. 3060ல வழக்கமா மூணு டிஸ்ப்ளே போர்ட்டும் ஒரு ஹெச்.டி.எம்.ஐ.யும் இருக்கும்.

ஓ.டி. ஹார்பர் | 4 ஆகஸ்ட், காலை 7.20

கார்டுலதான் இருக்கு அண்ணா. பட்டியல்ல 60, 75 ரெண்டுதான். மானிட்டர் பெட்டியில வந்த ஹெச்.டி.எம்.ஐ. கேபிளை மாட்டினேன், 144 வரைக்கும் வந்துச்சு. மாத்தினதும் மவுஸ் நகர்றதுலயே தெரிஞ்சுடுச்சு. கலரும் ஃபுல் போட்டதும் பளிச்னு ஆயிடுச்சு. ஆனா 180 எங்கே? காசு குடுத்தது 180க்கு.

கெடிலக்கரை | 4 ஆகஸ்ட், காலை 8.02

கணக்குப் போட்டுப் பார். 2560×1440ன்னா 36,86,400 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 24 பிட். செகண்டுக்கு 180 தடவைன்னா 15.9 ஜிகாபிட், இது வெறும் படம் மட்டும். வரிக்கு வரி விடற இடைவெளி இதுக்கு மேல. ஹெச்.டி.எம்.ஐ. 2.0 பேருக்கு 18 ஜிகாபிட்னு சொன்னாலும் படத்துக்குக் கிடைக்கறது 14.4தான். 180 நுழையவே நுழையாது. 144க்கு 12.7, இடைவெளியையும் சேர்த்து ஒட்டி ஒட்டி நுழையும். உன் பழைய கேபிள் இந்த வேகத்தைத் தாங்கல போல, அதனால 75ல நின்னிருக்கலாம்.

உன் கார்டுல இருக்கற ஹெச்.டி.எம்.ஐ. 2.1தான். ஆனா மானிட்டர் பக்கம் 2.0ன்னா ரெண்டுல சின்னதுதான் செல்லும். அகலமான குழாய்ல சின்ன வாய் வச்ச மாதிரி.

டிஸ்ப்ளே போர்ட் (டி.பி.) 1.4ல படத்துக்கு 25.9 கிடைக்கும். 180 தாராளமா போகும், 10 பிட்டுக்கு மாத்தினாலும் போகும். பெட்டியை இன்னொரு தடவை கிளறு, தெர்மோகோல் அடுக்குக்கு நடுவுல டி.பி. கேபிள் இருக்கும். இல்லன்னா வாங்கு, 2 மீட்டருக்கு மேல வேண்டாம். நீளம் கூடக் கூட, நடுவுல ஒரு செகண்ட் ஸ்க்ரீன் கறுப்பாகி வர்ற தொல்லை ஆரம்பிக்கும்.

மலிவான டி.பி. கேபிள்ல ஒரு வில்லங்கம் உண்டு. 20ஆவது பின் ரெண்டு முனைக்கும் இணைஞ்சிருக்கக் கூடாதுன்னு தரவிதி. சில கேபிள்ல இணைச்சே விட்டுடறாங்க. அப்போ மானிட்டர்லேர்ந்து 3.3 வோல்ட் கார்டுக்குள்ள திரும்பி வரும். பி.சி. ஆஃப் பண்ணியும் உள்ள விளக்கு மினுக்குறது, ஆன் பண்ணா சில நேரம் எழுந்திருக்காம அடம் பிடிக்கறது, எல்லாம் இதனால வரலாம். அப்படி ஏதாவது நடந்தா கார்டைத் திட்டறதுக்கு முன்னாடி கேபிளை மாத்திப் பார்.

லாஸ்பேட்டை லேக் | 4 ஆகஸ்ட், மாலை 6.30

3060ல 1440பி, அதாவது 2560×1440, ஓட்டப் போறாரா? 1080பி (1920×1080) மானிட்டரோட நின்னிருக்கலாம். இந்த சைஸ்ல கேமை 1080பில வச்சாலும் படம் கலங்கலாத்தான் இருக்கும்.

கெடிலக்கரை | 4 ஆகஸ்ட், இரவு 7.15

பாதி சரி. 1440பில வேலை 1080பியை விட 78 சதவீதம் கூட. 1080பியை இந்த ஸ்க்ரீன்ல விரிச்சா 1.33 மடங்கு. ஒரு பிக்சல், ஒண்ணும் மூணுல ஒரு பங்கும் சேர்ந்த இடத்துல ஒழுங்கா உட்கார முடியாம ஓரம் கலங்கும். அது வேண்டாம்.

ஆனா 1440பில டி.எல்.எஸ்.எஸ். (சின்னப் படமா வரைஞ்சு ஏ.ஐ.யால பெருசாக்கற என்விடியா வசதி) குவாலிட்டி போட்டா கார்டு உள்ள வரையறது 1707×960தான். அது 1080பியை விடக் குறைஞ்ச பிக்சல். மேல ஏத்தற வேலைக்குக் கொஞ்சம் நேரம் போகும், அதைக் கழிச்சாலும் 3060க்கு இது தாங்கும். எழுத்து, மினிமேப், ஹெச்.யு.டி. (ஓரத்துல உயிர், குண்டு எண்ணிக்கை காட்டறது) எல்லாம் முழு 1440பில கூர்மையா வரும். டி.எல்.எஸ்.எஸ். இல்லாத கேம்ல ஷேடோ, வால்யூமெட்ரிக் (புகை, மூடுபனி) ரெண்டையும் ஒரு படி இறக்கு. டெக்ஸ்சரைத் தொடாதே, 12 ஜி.பி. அதுக்குத்தான்.

27 இன்ச்ல 1080பின்னா இன்ச்சுக்கு 82 பிக்சல்தான். 1440பின்னா 109. 24 இன்ச் 1080பில 92. 27 வாங்கிட்டு 1080பில நின்னிருந்தா பழசை விட மோசமாத் தெரிஞ்சிருக்கும்.

ஓ.டி. ஹார்பர் | 5 ஆகஸ்ட், இரவு 8.50

டி.பி. கேபிள் பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு. 180 வந்துடுச்சு! இப்போ அடுத்தது. வேகமாத் திரும்பினா ஆள் பின்னாடி நிழல் மாதிரி ஒண்ணு இழுக்குது. 1 மில்லி செகண்ட்னு போட்டிருந்தானே?

கெடிலக்கரை | 5 ஆகஸ்ட், இரவு 9.30

1 மில்லி செகண்ட் ரெண்டு விதம். ஒண்ணு, ஒரு சாம்பல் நிறத்துலேர்ந்து இன்னொரு சாம்பல் நிறத்துக்கு பிக்சல் மாற ஆகற நேரம். கம்பெனி தனக்குச் சாதகமான ஒரே ஒரு மாற்றத்தை, ஓவர்டிரைவை (பிக்சலைப் பலமாத் தள்ளி வேகமா மாத்தறது) உச்சத்துல வச்சு அளந்து போடுவான். இன்னொண்ணு எம்.பி.ஆர்.டி., பின் விளக்கை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அணைச்சு அணைச்சு ஏத்தறது. மங்கலைக் குறைக்கும், ஆனா வெளிச்சமும் குறையும். பெரும்பாலான மானிட்டர்ல அதைப் போட்டா அடாப்டிவ் சிங்க் (கேமோட ஃப்ரேம் வேகத்துக்கே ஸ்க்ரீனும் ஓடறது) வேலை செய்யாது. ரெண்டையும் மறந்துடு. 180 ஹெர்ட்ஸ்ல ஒரு ஃப்ரேம் 5.56 மில்லி செகண்ட். அதுக்குள்ள நிறம் மாறினா போதும், இந்த வகை ஐ.பி.எஸ். ஓரளவு மாறிடும்.

பிளர் பஸ்டர்ஸ் தளத்துல பறக்கும் தட்டு சோதனை இருக்கு. செகண்டுக்கு 960 பிக்சல் வேகத்துல ஓட விடு. கண்ணால அந்தத் தட்டைத் தொடர்ந்து பார்க்கணும், ஒரே இடத்தை முறைச்சுப் பார்க்கக் கூடாது. 60 ஹெர்ட்ஸ்ல 16 பிக்சல் அகலத்துக்கு மங்கும், 180ல 5 சொச்சம். இந்த மங்கல் கண்ணு நகர்றதால வர்றது, எந்தப் பேனலா இருந்தாலும் இருக்கும். நாம பார்க்க வேண்டியது தட்டுக்குப் பின்னாடி வால் இருக்கான்னு.

வால் கருநிழலா இருந்தா ஓவர்டிரைவ் பத்தல. வால் வெள்ளையாவோ எதிர் நிறத்துல பளிச்னோ இருந்தா ஓவர்டிரைவ் கூடிப் போச்சு. மானிட்டர் மெனுல ரெஸ்பான்ஸ் டைம்னோ ஓவர்டிரைவ்னோ ஒண்ணு இருக்கும். நார்மல், ஃபாஸ்ட், எக்ஸ்ட்ரீம்னு மூணு நாலு படி. எக்ஸ்ட்ரீம் வேண்டாம், பெட்டியில 1 போடறதுக்காகவே வச்சது அது. இந்த வகை பேனல்ல 180ல ஃபாஸ்ட் வச்சுப் பார்த்தேன், வாலே இல்லாம சுத்தமா இருக்கு. ஃபாஸ்ட்ல விட்டுடு.

கெடிலக்கரை | 7 ஆகஸ்ட், பிற்பகல் 3.20

முந்தாநாள் எழுதினதுல திருத்தம். ஃபாஸ்ட்னு சொன்னதை அப்படியே எடுத்துக்காதே.

அந்தச் சோதனை ராத்திரி, ஏ.சி. 24ல இருக்கும்போது, மானிட்டரை ஆன் பண்ண கொஞ்ச நேரத்துல செஞ்சது. இன்னிக்கு ஏ.சி. இல்லாம, ரெண்டு மணி நேரம் ஓடினதுக்கு அப்புறம் அதே ஃபாஸ்ட்ல தட்டுக்குப் பின்னாடி வெள்ளை வால். காரணம் லிக்விட் கிரிஸ்டல். குளிர்ல கெட்டியா மெதுவா நகரும், சூட்டுல இளகி வேகமா நகரும். ஓவர்டிரைவ்ங்கறது அதை முன்கூட்டியே பலமாத் தள்ளி விடறது. குளிர்ல சரியா இருந்த தள்ளு சூட்டுல இலக்கைத் தாண்டிடும். கத்திரி வெயில்ல நம்ம ஊர் மாடி ரூம் எப்படி இருக்கும்னு சொல்லவே வேண்டாம். பல மானிட்டர் கையேட்டுல உச்ச வரம்பே 40 டிகிரின்னுதான் போட்டிருக்கும்.

அதனால வழக்கமா விளையாடற நேரத்துல, வழக்கமான சூட்டுல, அரை மணி நேரம் ஓட விட்டப்புறம் தீர்மானி. ஏ.சி. ரூம்னா ஃபாஸ்ட். ஃபேன் மட்டும்னா நார்மல்.

இன்னொண்ணையும் விட்டுட்டேன். ஃப்ரேம் ரேட் குறையும்போது இதே வால் இன்னும் கூடும். ஓவர்டிரைவ் அளவு 5.56 மில்லி செகண்டுக்குக் கணக்குப் பண்ணது. கேம் 60ல ஓடினா அந்தத் தப்பான நிறம் அடுத்த ஃப்ரேம் வர்ற வரைக்கும், அதாவது 16.7 மில்லி செகண்ட் அப்படியே நிக்கும், கண்ணு பிடிச்சுடும். எல்டன் ரிங் மாதிரி 60ல பூட்டின கேமுக்கு நார்மல்தான், அதுலயும் தெரிஞ்சா ஆஃப். ஃப்ரேம் ரேட்டுக்குத் தகுந்த மாதிரி தானா மாத்திக்கற மானிட்டரும் இருக்கு, இந்த விலையில அபூர்வம்.

கோரிமேடு குறும்பன் | 7 ஆகஸ்ட், பிற்பகல் 3.41

ஆக வெயில் அடிச்சா மானிட்டருக்கும் தலை சுத்துது. இளநி வாங்கி ஊத்துங்கப்பா.

ஓ.டி. ஹார்பர் | 7 ஆகஸ்ட், இரவு 11.10

நம்ம ரூம்ல ஃபேன்தான். நார்மல் வச்சேன், நல்லா இருக்கு. மூலை வெளிச்சம் பத்திச் சொல்றேன்னீங்களே? போன்ல எடுத்த படம் போட்டிருக்கேன், பார்த்தா பயமா இருக்கு.

கெடிலக்கரை | 8 ஆகஸ்ட், காலை 6.50

போன் படத்தை நம்பாதே. இருட்டைப் பார்த்ததும் போன் தானா வெளிச்சத்தைக் கூட்டிக்கும். எந்த ஐ.பி.எஸ்.ஸும் அதுல போகி நெருப்பு மாதிரிதான் எரியும். எடுக்கணும்னா எக்ஸ்போஷரைக் கையால இறக்கி, கண்ணுக்குத் தெரியற அளவுக்குக் கொண்டு வந்து எடு.

ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். லைட்டை அணை. பிரைட்னஸ் 30ல வை. கறுப்புப் படம் ஒண்ணை முழு ஸ்க்ரீன்ல போடு. மூலையைப் பார்த்துக்கிட்டே தலையை இடம் வலமா நகர்த்து, எழுந்து நின்னு பார், பின்னாடி போய்ப் பார். வெளிச்சம் உன்னோட சேர்ந்து நகர்ந்தா, கூடிக் குறைஞ்சா, அது ஐ.பி.எஸ். க்ளோ. எல்லா ஐ.பி.எஸ்.லயும் இருக்கும், குறைன்னு திருப்ப முடியாது. நீ எங்க போனாலும் அதே இடத்துல அதே அளவுல நின்னா அது ப்ளீட், பின் விளக்கு ஓரத்துல கசியுது. அது ரொம்ப இருந்தா திருப்பலாம்.

க்ளோ தூரத்தைப் பொறுத்தது. 27 இன்ச் ஸ்க்ரீன் அகலம் சுமார் 60 செ.மீ. நீ 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தா ஓரம் 26 டிகிரி சாய்வா உன் கண்ணுக்கு வருது. 80க்குப் போனா 20 டிகிரி. அந்த ஆறு டிகிரியிலயே க்ளோ நல்லாக் குறையும். மேஜை குறுகலா இருந்தா ஸ்டாண்டைக் கழட்டிட்டு சுவர்லயோ கை மாதிரி ஆர்ம்லயோ மாட்டலாம். பின்னாடி வெசா 100×100 ஓட்டை, பெரும்பாலும் எம்4 ஸ்க்ரூ. நீளம் எவ்வளவுன்னு கையேட்டுல பார்த்து வாங்கு, நீளமானதை முறுக்கினா உள்ள போய்க் குத்தும். இறுக்கமும் வேண்டாம், விரல் நுனிப் பலம் போதும்.

லாஸ்பேட்டை லேக் | 8 ஆகஸ்ட், காலை 9.00

இதுக்குத்தான் ஐ.பி.எஸ்.ஸுக்குப் பதிலா வி.ஏ. பேனல் வாங்கச் சொல்றது. கறுப்பு கறுப்பா இருக்கும். அதுவும் 1500ஆர் வளைவோட.

கெடிலக்கரை | 8 ஆகஸ்ட், காலை 9.34

வி.ஏ.ல கான்ட்ராஸ்ட் 3000க்கு 1, ஐ.பி.எஸ்.ல 1000க்கு 1, உண்மை. இருட்டு ரூம்ல கதை கேம் ஆடறவனுக்கு வி.ஏ. நல்லது. ஆனா வி.ஏ.ல அடர் நிறத்துலேர்ந்து அடர் நிறத்துக்கு மாறறது மெதுவு. ராத்திரிக் காட்சியில ஓடினா சுவர் எல்லாம் மை கொட்டின மாதிரி இழுபடும். இவன் ஆடறது வேலரன்ட்.

வளைவு 27 இன்ச்ல தேவைன்னு எனக்குத் தோணல. 1500ஆர்னா 1500 மி.மீ. ஆரம் உள்ள வட்டத்தோட ஒரு துண்டு. 34 இன்ச் அகல ஸ்க்ரீன்ல ஓரம் உன் பக்கம் திரும்பறது உதவும். 27ல நேர் கோடு வளைஞ்சு தெரியற தொல்லைதான் மிச்சம். படம் வரையறவங்க, எக்ஸெல் பார்க்கறவங்க தட்டையையே எடுங்க.

லாஸ்பேட்டை லேக் | 8 ஆகஸ்ட், காலை 10.12

வளைவை விட்டுடறேன். ஆனா ராத்திரி லைட்டை அணைச்சுட்டு ஆடறவங்களுக்கு வி.ஏ.தான், அதை விட மாட்டேன்.

கெடிலக்கரை | 8 ஆகஸ்ட், காலை 10.15

அதை நானும் மறுக்கல.

ஓ.டி. ஹார்பர் | 9 ஆகஸ்ட், இரவு 10.00

தலையை நகர்த்தினா வெளிச்சமும் நகருது. க்ளோதான். நாற்காலியைப் பின்னாடி தள்ளினதும் பாதி போச்சு. ஜி-சிங்க் போடலாமா வேண்டாமா? டப்பாவுல ஃப்ரீசிங்க்னுதான் போட்டிருக்கு.

கெடிலக்கரை | 10 ஆகஸ்ட், காலை 7.05

போடலாம். ரெண்டும் அடாப்டிவ் சிங்க்தான், ஜி-சிங்க் என்விடியா வச்ச பேர், ஃப்ரீசிங்க் ஏ.எம்.டி. வச்ச பேர். 2019 ஜனவரியிலேர்ந்து என்விடியா, அடாப்டிவ் சிங்க் மானிட்டருக்கும் ஜி-சிங்க்கைத் திறந்து விட்டுடுச்சு. ஜி.டி.எக்ஸ். 10 வரிசையும் அதுக்கு மேல எதுவும் ஓகே. டி.பி. கேபிள்ல இருக்கணும், உனக்கு இருக்கு.

முதல்ல மானிட்டர் மெனுவுக்குள்ள அடாப்டிவ் சிங்க்கை ஆன் பண்ணு. பல மானிட்டர்ல அது ஆஃப்ல வரும், இதை விட்டுட்டு கன்ட்ரோல் பேனல்ல ஜி-சிங்க் பக்கமே காணோம்னு தேடறவங்க அதிகம். அப்புறம் கன்ட்ரோல் பேனல்ல செட் அப் ஜி-சிங்க் டிக் பண்ணு. வி-சிங்க் (படம் குறுக்கே கிழிஞ்சு தெரியாமத் தடுக்கறது) கன்ட்ரோல் பேனல்ல ஆன், கேமுக்குள்ள ஆஃப். ஃப்ரேமை 180க்கு ஒட்டி விடக் கூடாது, எல்லையைத் தொட்டா வி-சிங்க் தலையிட்டு தாமதம் கூடும். மூணு குறைச்சு 177 வைக்கலாம்.

ரிஃப்ளெக்ஸ் (தாமதத்தைக் குறைக்கற என்விடியா வசதி) இருக்கற கேம்ல, ஜி-சிங்க், வி-சிங்க் ரெண்டும் ஆன்ல இருந்தா அதுவே ஃப்ரேமைக் கட்டுப்படுத்திக்கும். ஹெர்ட்ஸை ஹெர்ட்ஸால பெருக்கி 3600ஆல வகுத்து, வந்ததை ஹெர்ட்ஸ்லேர்ந்து கழிச்சா வர்ற எண். 180க்கு 32,400 வகுத்தல் 3600, ஒன்பது. 171ல நிக்கும். 144 மானிட்டர்னா 138. கேம்ல 171 காட்டுதேன்னு பதறாதே.

பெரும்பாலும் 48க்குக் கீழ ஃப்ரேம் போனா ஒவ்வொரு ஃப்ரேமையும் ரெண்டு தடவை காட்டிச் சமாளிக்கும். 40 ஃப்ரேம்னா ஸ்க்ரீன் 80ல ஓடும். லோடிங் ஸ்க்ரீன்ல வெளிச்சம் துடிச்சா இந்தத் தாவல்தான் காரணம். மானிட்டர் பழுதில்ல.

கோரிமேடு குறும்பன் | 10 ஆகஸ்ட், காலை 9.15

வேலரன்ட்ல ஜி-சிங்க்கா? எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு 300 ஃப்ரேம் விடு தம்பி. படம் கிழிஞ்சாலும் பரவால்ல.

கெடிலக்கரை | 10 ஆகஸ்ட், காலை 9.28

ரேங்க்டு மேட்ச்சுக்கு அதுவும் நியாயம்தான். தாமதம் ஒண்ணு ரெண்டு மில்லி செகண்ட் குறையலாம். அதை உணர்ற கை எத்தனை பேருக்கு இருக்குன்னு தெரியாது. மத்த கேம் எல்லாத்துக்கும் ஜி-சிங்க் ஆன்ல இருக்கட்டும்.

லாஸ்பேட்டை லேக் | 12 ஆகஸ்ட், மாலை 5.45

ஹெச்.டி.ஆர்.?

கெடிலக்கரை | 12 ஆகஸ்ட், மாலை 5.58

ஆஃப். 400 சான்றிதழுக்கு உச்ச வெளிச்சம் 400 நிட் (வெளிச்சத்தோட அளவு) இருக்கணும், ஸ்க்ரீனைத் துண்டு துண்டாப் பிரிச்சு இருட்டாக்கற வசதி தேவையில்ல. வானத்துல ஒரு விளக்கு எரிஞ்சா மொத்த இருட்டும் சாம்பலாகும். சாதாரண முறையிலேயே வை. ராத்திரிக்கு பிரைட்னஸ் 25லேர்ந்து 35 போதும்.

ஆட்களோட முகம் தக்காளி மாதிரி சிவந்து தெரிஞ்சா அது வேற கதை. பேனல் நிற எல்லை அகலம், கேம் அதுக்குத் தயார் ஆகல. மெனுவுல எஸ்.ஆர்.ஜி.பி. (சாதாரண நிற எல்லை) முறை இருக்கும், அதைப் போட்டா சரியாகும். சில மானிட்டர்ல அந்த முறையில பிரைட்னஸைப் பூட்டிடுவான், அது மட்டும்தான் எரிச்சல்.

கோரிமேடு குறும்பன் | 13 ஆகஸ்ட், காலை 11.30

எனக்கும் ஆசை வந்துடுச்சு. கடலூர்ல இருக்கற நண்பன் ஒருத்தன், பாண்டிக்கு வந்து வாங்கினா விலை குறையும்கறான். உண்மையா?

கெடிலக்கரை | 13 ஆகஸ்ட், மதியம் 12.10

பாண்டியில விலை குறைவா கிடைக்கறது வேற ஐட்டம், உனக்குத் தெரியாததா. மானிட்டருக்கு ஜி.எஸ்.டி. ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான், 18 சதவீதம்.

கடையில போய்ப் பார்க்கறது நல்லதுதான். ஆனா டியூப்லைட் வெளிச்சத்துல, பிரைட்னஸ் நூறுல, பூவும் மீனும் ஓடற டெமோ வீடியோவுல க்ளோவும் தெரியாது, வாலும் தெரியாது. ஸ்டாண்ட் ஆடுதா, உயரம் மாத்த முடியுதா, மெனுவுக்கு ஜாய்ஸ்டிக்கா வரிசைப் பட்டனா, பின்னாடி ஹெச்.டி.எம்.ஐ. எத்தனை, டி.பி. எத்தனை, இதைப் பார்த்துட்டு வா.

கொண்டு வரும்போது பெட்டியை நிமிர்த்தியே வை. படுக்க வச்சு மேல பை வச்சா பேனல் மேல அழுத்தம். பைக் பின்னாடி கட்டிக்கிட்டு பாண்டியிலேர்ந்து கடலூருக்குத் தவளக்குப்பம், கன்னியக்கோயில் வழியா வேகத்தடையில குதிச்சு வர்றதுக்கு பஸ்ல மடியில வச்சுக்கறது மேல்.

வந்த அன்னிக்கே சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்புன்னு முழு ஸ்க்ரீன் போட்டுப் பார். எப்பவும் கறுப்பா இருந்தா செத்த பிக்சல், ஒரே நிறத்துல நின்னா மாட்டிக்கிட்ட பிக்சல். ஒண்ணு ரெண்டுக்கு மாத்தித் தர மாட்டாங்க, எத்தனைக்கு மேல மாத்துவாங்கன்னு காசு குடுக்கறதுக்கு முன்னாடியே கேள்.

ஓ.டி. ஹார்பர் | 15 ஆகஸ்ட், இரவு 8.20

கேபிளை மாத்தும்போது கேபினெட்ல கை பட்டா சுர்ருனு பிடிக்குது. மானிட்டர் கோளாறா?

கெடிலக்கரை | 15 ஆகஸ்ட், இரவு 8.26

முதல்ல ரெண்டையும் ஸ்விட்சை அணைச்சு, பிளக்கைப் பிடுங்கு. அப்புறம் படி.

எர்த் இல்ல. பி.சி. பவர் சப்ளைக்குள்ள இரைச்சலை வடிகட்ட ரெண்டு சின்ன கெபாசிட்டர் ஃபேஸ்லேர்ந்தும் நியூட்ரல்லேர்ந்தும் கேபினெட்டுக்குப் போகும். எர்த் இருந்தா அது அங்க இறங்கிடும். இல்லன்னா கேபினெட் 230ல பாதி, சுமார் 115 வோல்ட்ல மிதக்கும். கரன்ட் ரொம்பச் சின்னது, அதனால சுர்ருனு மட்டும். ஆனா அந்த நிலையில ஹெச்.டி.எம்.ஐ.யைச் சொருகினா முதல்ல தொடற பின் வழியா அது பாயலாம், போர்ட் போயிடலாம். கேபிள் டிவி செட்டாப் பாக்ஸும் அதே மானிட்டரோட இணைஞ்சிருந்தா இன்னும் மோசம்.

மூணு பின் பிளக்கை ரெண்டு பின் அடாப்டர்ல சொருகியிருந்தா அதைத் தூக்கிப் போடு. ஸ்பைக் பஸ்டருக்குள்ள எர்த் கம்பி இருக்கான்னு பார். எல்லாம் சரின்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல். கடலோர உப்பு மண்ணுல இரும்பு எர்த் பைப் சீக்கிரம் அரிச்சுப் போகும், மேல பார்த்தா பைப் இருக்கும், கீழ ஒண்ணும் இருக்காது.

இன்வெர்ட்டர்ல ஓட்டும்போது மானிட்டர் அடாப்டர் உர்ருனு சத்தம் போட்டா அது சதுர அலை இன்வெர்ட்டர். கொஞ்ச நேரத்துக்குப் பரவால்ல. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரன்ட் நிறுத்தற அன்னிக்கு முழு நாளும் அதுல கேம் ஆடாதே. 600 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) யு.பி.எஸ். வச்சிருந்தாலும் கணக்கைப் பார்த்துக்க. அது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 3060 மட்டும் 170, ப்ராசஸர் மத்ததெல்லாம் சேர்த்து 300ஐத் தொடும், மானிட்டர் 30, 40. சேவ் பண்ணி அணைக்க நேரம் கிடைக்கும், ரவுண்டை முடிக்கக் கிடைக்காது.

கெடிலக்கரை | 16 ஆகஸ்ட், காலை 7.40

விட்டுப் போனது. நீ கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) பக்கம்னா ஜன்னல் வழியா உப்புக் காத்து வரும். ஸ்க்ரீன் மேல மெல்லிசா பிசுபிசுப்பு படியும். உலர்ந்த துணியால தேய்க்காதே, உப்புத் துகள் மேட் பூச்சைக் கீறும். அணைச்சு, ஆறினதும், மைக்ரோஃபைபர் துணியை டிஸ்டில்டு வாட்டர்ல நனைச்சு நல்லாப் பிழிஞ்சு ஒரே திசையில ஒத்தி எடு. அப்புறம் உலர்ந்த துணி. கண்ணாடி துடைக்கற ஸ்ப்ரே, சானிடைசர் கிட்டயே வரக் கூடாது. ஸ்க்ரீன் மேல நேரா எதையும் தெளிக்காதே, கீழ் ஓரத்துல இறங்கி பேனலுக்குள்ள போயிடும். பயன்படுத்தாத போர்ட்டுல ரப்பர் மூடி போட்டு வை.

லாஸ்பேட்டை லேக் | 18 ஆகஸ்ட், இரவு 9.05

பி.எஸ்.5 (பிளேஸ்டேஷன் 5) மாட்டினா இதுல 1440பி வருமா?

கெடிலக்கரை | 18 ஆகஸ்ட், இரவு 9.11

வரும், 2022 செப்டம்பர் அப்டேட்லேர்ந்து. 120 ஹெர்ட்ஸும் வரும். வி.ஆர்.ஆர். (ஃப்ரேம் வேகத்துக்கே ஸ்க்ரீன் ஓடற வசதி) மட்டும் வராது, அதுக்கு ஹெச்.டி.எம்.ஐ. 2.1 வேணும், பி.எஸ்.5 ஃப்ரீசிங்க்கை மதிக்காது.

ஓ.டி. ஹார்பர் | 19 ஆகஸ்ட், இரவு 7.50

எர்த் சரி பண்ணியாச்சு அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே பைப் அடியில இல்லவே இல்ல. மேஜையை இடம் மாத்தறேன். ஹெச்.டி.எம்.ஐ. சுலபமா வந்துடுச்சு, டி.பி. கேபிள் எவ்வளவு இழுத்தாலும் வரல. கொஞ்சம் பலமா இழுக்கட்டுமா?

கெடிலக்கரை | 19 ஆகஸ்ட், இரவு 7.51

இழுக்காதே! பிளக்கு மேல ஒரு சின்னப் பட்டன் இருக்கும். முதல்ல லேசா உள்ள தள்ளு, பட்டனை அமுக்கிப் பிடி, அப்புறம் நேரா வெளிய எடு. உள்ள ரெண்டு கொக்கி மாட்டியிருக்கு. அப்படியே இழுத்தா போர்ட் போர்டோட பேர்ந்து வரும்.

கோரிமேடு குறும்பன் | 19 ஆகஸ்ட், இரவு 7.58

போர்ட்ல நங்கூரம் போட்டிருக்குடா. எடுத்துட்டுக் கப்பலைக் கிளப்பு.